எரிந்த சுவரும் எழுந்த கோயிலும்

கடல் கடந்து கல்வி பயிலச் செல்லும் நம் மாணவர்களுக்கு வாரத்தின் ஐந்து நாட்களும் விரிவுரை மண்டபத்திற்கும் நூலகத்திற்குமே உரியவை. சனிக்கிழமை பிறந்தபின்னரே தாம் வேற்று நாடொன்றில் வாழ்கின்றோம் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாகின்றது. சிலர் அந்நாளைத் துணி தோய்ப்பதிலும் உறக்கத்திலும் கழிப்பர். வேறு சிலர் புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரே நாளில் இரண்டு கோட்டைகளையும் மூன்று மாளிகைகளையும் பார்த்து முடித்து, எந்தக் கோட்டை எந்த ஊரில் இருந்தது என்பதையும் மறந்தவர்களாய் இரவு வண்டியில் திரும்புவர். ஊர் பார்த்தலும் ஒருவகைக் கல்வியே. ஆயினும் ஏனைய கல்வியைப்போல் அதற்கும் பாடத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆற அமர நின்று கற்றலும் வேண்டும்.

2005 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் நான் மேற்படிப்பு மேற்கொண்டிருந்தேன். அங்கிருந்து சனி ஞாயிறுகளில் போய்வரத்தக்க இடங்கள் பல. சேக்ஸ்பியர் பிறந்த ஊர் ஒரு திசையில். வார்விக் கோட்டை இன்னொரு திசையில். விடுதி மாணவர் யாவரும் அவற்றையே விதந்துரைத்தனர். கொவென்றி நகரைப் பார்க்க விரும்புகின்றேன் என்று நான் சொன்னபொழுது, மோட்டார்த் தொழிற்சாலைகளைப் பார்ப்பதற்கு யாரேனும் பயணம் போவார்களா என்று நகைத்தனர்.

கொவென்றி என்ற பெயர் சிறுவயதிலேயே என் காதில் விழுந்த பெயர். எங்கள் வீட்டு விறாந்தையிலே பாட்டனாரின் ‘றட்ஜ்’ துவிச்சக்கர வண்டி ஒன்று சாத்தப்பட்டிருக்கும். அதன் முகப்பிலே விரித்த கை ஒன்றின் சின்னம். இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்னர் வாங்கிய அவ்வண்டியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும்போதெல்லாம், “இது கொவென்றியில் செய்தது” என்று அவர் பெருமையோடு சொல்வார். 1990 களில் யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் வராது நின்ற காலத்தில் அந்த வண்டி மீண்டும் தெருவுக்கு இறங்கியது. அக்காலத்தில் நோயாளி வைத்தியசாலைக்குப் போனதும், மாணவன் பரீட்சைக்குப் போனதும், விறகும் நெல்லும் வீடு வந்ததும் துவிச்சக்கர வண்டியிலேதான். மின்சாரம் இல்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். இவ்வாறு எம்மைச் சுமந்த வண்டியின் பிறந்தகத்தைப் பார்த்துவர எண்ணியது வியப்பன்று.

என்னோடு வர இசைந்தவர் ஒருவரே. அவர் காலி மாவட்டத்தைச் சேர்ந்த சிங்கள மாணவர், பொறியியல் பயின்றவர். விடுதியில் அடுத்த அறை அவருடையது. சோற்றுப் பானை ஒன்றே எம்மிருவருக்கும் பொதுவாக இருந்தது. நாம் ஆங்கிலத்திலேயே உரையாடுவோம். ‘மச்சான்’ என்ற சொல் மாத்திரம் இருமொழிக்கும் பொதுவாதலின் மொழிபெயர்ப்பை வேண்டியதில்லை. கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பாண் துண்டுகளின் நடுவே உருளைக்கிழங்குப் பிரட்டலை வைத்துப் பொதியாகக் கட்டிக்கொண்டு புகையிரதம் ஏறினோம். அரைமணி நேரப் பயணந்தான். தூறிக்கொண்டிருந்த மழையினூடே கொவென்றியின் கோபுரங்கள் தென்பட்டன.

முதலில் அந்நகரின் போக்குவரத்து நூதனசாலைக்குச் சென்றோம். அந்நாளில் அதற்கு நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை. மாணவர் இருவருக்கு அதுவும் ஒரு மகிழ்ச்சியே. அங்கு நான் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. கொவென்றி ஒரு காலத்தில் பட்டு நாடா நெசவிலும் கடிகாரத் தொழிலிலும் பேர்பெற்றிருந்தது. 1860 ஆம் ஆண்டு பிரான்சுடன் செய்த வர்த்தக உடன்படிக்கையின் பின்னர் பிரெஞ்சுப் பட்டுச் சாமான்கள் தங்குதடையின்றி வந்து குவிந்தன. நாடாத் தறிகள் ஓய்ந்தன. கடிகாரத் தொழிலும் நாளடைவிலே தளர்ந்தது. ஆனால் நுண்ணிய வேலை பழகிய விரல்கள் அங்கே இருந்தன. அவ்விரல்கள் முதலில் தையல் இயந்திரம் செய்தன. 1860 களின் இறுதியில் பாரிசிலிருந்து மிதிவண்டி ஒன்று கொண்டுவரப்பட்டபோது, அதே தையல் இயந்திரச் சாலை மிதிவண்டி செய்யவும் தொடங்கியது.

ஆரம்பத்து வண்டிகளின் முன்சில்லு ஓராள் உயரம் இருந்தது. அதற்குக் காரணத்தை நண்பர் எனக்கு விளக்கினார். மிதிகட்டை முன்சில்லின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தமையால், ஒருமுறை மிதித்தால் சில்லும் ஒருமுறையே சுற்றும். எனவே விரைந்து செல்ல வேண்டுமானால் சில்லைப் பெருப்பிக்க வேண்டும். ஓட்டுபவனின் கால் எட்டும்வரை அது பெருத்தது. சிறு கல் தடுக்கினாலும் அவன் தலைகீழாக வீழ்ந்தான். 1885 ஆம் ஆண்டு யோன் கெம்ப் ஸ்ராளி என்னும் கொவென்றி நகரத்தவர் ‘றோவர்’ என்ற வண்டியைச் செய்தார். மிதிகட்டையை நடுவில் வைத்து, பெரிய பற்சக்கரத்தையும் பின்சில்லின் சிறிய பற்சக்கரத்தையும் சங்கிலியால் இணைத்தார். ஒருமுறை மிதிக்கச் சில்லு ஒருமுறைக்கு மேல் சுற்றியது. சில்லுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாயின. பெண்களும் முதியோரும் அச்சமின்றி ஏறக்கூடிய வாகனம் உலகிற்குக் கிடைத்தது. பாட்டனாரின் வண்டியும் இன்று நம் மாணவிகள் பாடசாலைக்கு ஓட்டும் வண்டியும் அதன் பேரப்பிள்ளைகளே.

அச்சாலைகள் பின்னர் மோட்டார்ச் சைக்கிளும் மோட்டார்க் காரும் செய்தன. யுத்தம் மூண்டபோது விமான இயந்திரங்களும் கவச வாகனங்களும் அங்கே உருவாயின. ஆகவே எதிரியின் படத்திலே கொவென்றியும் ஒரு குறியாயிற்று. எந்தக் கைவன்மை அந்நகருக்கு வாழ்வளித்ததோ அதுவே அதன்மேல் நெருப்பையும் வரவழைத்தது. நூதனசாலையின் வாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தபோது அந்நெருப்பின் எச்சத்தை நாம் கண்டோம்.

1940 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆந் திகதி இரவு, முழுநிலவின் ஒளியிலே ஜேர்மன் விமானங்கள் நூற்றுக்கணக்கில் அந்நகர்மீது வந்தன. மாலை ஏழு மணிக்குப் பின் தொடங்கிய தாக்குதல் ஏறத்தாழப் பதினொரு மணி நேரம் நீடித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். நாலாயிரத்திற்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நகர நடுவில் நின்ற புனித மிக்கேல் பேராலயத்தின் கூரைமேல் தீக்குண்டுகள் வீழ்ந்தன. பேராலயத் தலைவர் றிச்சட் ஹவாட் அவர்களும் அவரோடு காவல் நின்ற மூவரும் மணலும் நீரும் கொண்டு போராடினர். நீர்க்குழாய்களும் உடைந்துபோக அவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. விடிந்தபோது கோபுரமும் புறச்சுவர்களும் மாத்திரம் எஞ்சின.

அச்சுவர்கள் இன்றும் அவ்வாறே நிற்கின்றன. செந்நிற மணற்கல்லினாலான உயர்ந்த சுவர்கள். கண்ணாடி இல்லாத சாளரங்கள். கூரை இருந்த இடத்திலே வானம். நாம் உள்ளே போனபோது மழை விட்டிருந்தது. நிலத்துக் கற்களிலே நீர் தேங்கி, அதில் முகில் அசைந்தது. முன்னாளில் பலிபீடம் இருந்த இடத்திலே இடிந்த கற்களை அடுக்கிப் பீடம் ஒன்று அமைத்திருக்கின்றார்கள். அதன்மேல் கருகிய மரச்சிலுவை. அழிவு நேர்ந்த பின்னர் அப்பேராலயத்தின் கற்றச்சர், கூரையிலிருந்து வீழ்ந்த கருகிய உத்தரங்கள் இரண்டு குறுக்கும் நெடுக்குமாய்க் கிடப்பதைக் கண்டு, அவற்றைப் பிணைத்து நிறுத்தினாராம். அம்மூலச் சிலுவை இப்போது புதிய பேராலயத்துள் பேணப்படுகின்றது. வெளியே நிற்பது அதன் பிரதி.

சைவ மரபிலே வளர்ந்த எனக்கு அக்காட்சி சற்றுத் திகைப்பைத் தந்தது. பின்னமான விக்கிரகத்தை நாம் பூசையில் வைப்பதில்லை. கோயில் சிதைந்தால் பாலாலயம் அமைத்து, திருப்பணி செய்து, குடமுழுக்கு ஆட்டுவதே நம் வழக்கம். புதுவர்ணம் பூசிய கோபுரத்தைக் கண்டதும் பழைய சிதைவை மறந்துவிடுகின்றோம். இங்கோ சிதைவையே வழிபாட்டிடமாக வைத்திருக்கின்றார்கள். அது சரியா, நம் வழக்கம் சரியா என்று நான் மனத்துள் வழக்காடிக்கொண்டிருக்கையில், பீடத்தின் பின்சுவரிலே வெட்டியிருந்த இரு சொற்கள் கண்ணிற் பட்டன. இறைவனைத் தந்தை என விளித்து மன்னிப்பு வேண்டும் சொற்கள் அவை. ஹவாட் அவர்களே அவற்றைப் பொறிப்பித்தார். யாரை மன்னிக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படவில்லை. சிலுவையில் இயேசு கூறியதாக விவிலியத்தில் வரும் வாக்கியத்திலே ‘இவர்களை’ என்ற சொல் உண்டு. அச்சொல்லை ஹவாட் வேண்டுமென்றே விடுத்தார். மன்னிப்பு எல்லோருக்கும் வேண்டியதே என்பது அவர் கருத்து.

ஐந்து ஆண்டுகள் செல்லுமுன்னரே அக்கருத்தின் பொருள் விளங்கலாயிற்று. 1945 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பிரித்தானிய, அமெரிக்க விமானங்கள் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரை எரித்தன. அங்கே மாண்டோர் ஏறத்தாழ 25,000 பேர் என அறிஞர் கணித்திருக்கின்றனர்.

நாம் மரவாங்கு ஒன்றைத் துடைத்து அமர்ந்தோம். பொதியை அவிழ்க்க மனம் வரவில்லை. நெடுநேரம் பேசாதிருந்த நண்பர், “மச்சான், உங்கள் நூலகமும் இப்படித்தான் நின்றதா?” என்று கேட்டார்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது நான் கைக்குழந்தை. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டவன். அந்நெருப்பைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியினால் உயிர்நீத்தார் என்பதையும் அவர்கள் சொல்வார்கள். பின்வந்த யுத்தமும் அக்கட்டடத்தை விட்டுவைக்கவில்லை. இடிந்த சுவர்களையே நூலகம் என்று அறிந்து வளர்ந்தது எங்கள் தலைமுறை. அதனை அப்படியே நினைவுச்சின்னமாக விட வேண்டும் என்றோரும், பழைய வடிவிலேயே எழுப்ப வேண்டும் என்றோரும் எம்மிடையே இருந்தனர். பின்னவர் எண்ணமே நிறைவேறியது. வெண்ணிறக் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன்.

அவர் தலை குனிந்திருந்து கேட்டார். பின்னர், “இருபது வயதுவரை இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை” என்றார். சிறிது பொறுத்துத் தம் வீட்டுக் கதை ஒன்றையும் சொன்னார். 1989 ஆம் ஆண்டு, தெற்கிலே இளைஞர் கிளர்ச்சியும் அதனை அடக்கிய கொடுமையும் நிகழ்ந்த நாட்களில், அவருடைய சிறிய தந்தையார் ஓரிரவு வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார்; திரும்பி வரவேயில்லை. “உங்களுக்குக் காட்டுவதற்கு ஒரு சுவராவது இருந்தது. எங்கள் பாட்டிக்கு அதுவும் இல்லை” என்றார். மறுமொழி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. பொதியை அவிழ்த்துப் பாதியை அவர் கையில் வைத்தேன். இருவரும் உண்டோம்.

பழைய பேராலயத்தை ஒட்டியே புதிய பேராலயம் நிற்கின்றது. அதனை அமைப்பதற்கு நடத்திய போட்டியிலே இருநூறுக்கு மேற்பட்ட கட்டடக் கலைஞர் கலந்துகொண்டனர். இடிபாட்டை அகற்றாது, அதனோடு புதியதை இணைத்து வரைந்த பசில் ஸ்பென்ஸ் என்பாரின் திட்டம் 1951 ஆம் ஆண்டு தெரிவாயிற்று. 1962 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி பேராலயம் அர்ப்பணம் செய்யப்பட்டது. உள்ளே கிரகாம் சதலண்ட் வரைந்த கிறிஸ்துவின் உருவம், பிரான்சிலே நெய்யப்பட்ட மாபெரும் திரைச்சீலையாகத் தொங்குகின்றது. ஞானஸ்நானத் தொட்டியோ பெத்லகேமிலிருந்து கொண்டுவந்த கரடுமுரடான பாறை; மேற்புறத்தை மாத்திரம் சிறிது குடைந்திருக்கின்றார்கள்.

இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவை இரண்டு. வாசலிலே நின்று நோக்குபவனுக்கு இருபுறமும் கற்சுவர்களே தோன்றும். பலிபீடம்வரை நடந்து சென்று திரும்பிப் பார்த்தால், அச்சுவர்களின் மடிப்புகளுக்குள்ளே அமைந்த சாளரங்கள் பச்சையும் சிவப்பும் பொன்னுமாய் ஒளிவிடுவதைக் காணலாம். திரும்பிப் பாராதவனுக்கு அவ்வொளி இல்லை. இரண்டாவது, பழைய இடிபாட்டை நோக்கிய பக்கம் முழுவதும் கண்ணாடிச் சுவர். யோன் ஹற்றன் என்ற கலைஞர் அதிலே அடியார்களையும் தேவதூதரையும் கீறியிருக்கின்றார். அவ்வுருவங்களினூடே எரிந்த சுவர்கள் தெரிகின்றன. புதியதிலே தொழுதுவிட்டுப் போகும் எவரும் பழையதைக் காணாது போக முடியாது.

அங்கிருந்தோர் மேலும் பல கூறினர். 1960 களின் தொடக்கத்தில் ஜேர்மன் இளைஞர்கள் கொவென்றிக்கு வந்து, இடிபாட்டின் ஒரு பகுதியைச் சீரமைக்கத் தம் கையால் வேலை செய்தனர். 1965 ஆம் ஆண்டு கொவென்றியிலிருந்து இளைஞர்கள் டிறெஸ்டனுக்குச் சென்று, குண்டால் அழிந்த வைத்தியசாலை ஒன்றைக் கட்டுவதற்கு உதவினர். நாம் சென்ற அந்த நவம்பருக்குச் சற்று முன்னர்தான், 2005 ஒக்டோபர் 30 ஆந் திகதி, டிறெஸ்டனின் பெருந்தேவாலயம் அதன் கருகிய பழங்கற்களையும் சேர்த்துக் கட்டப்பெற்று மீண்டும் அர்ப்பணம் செய்யப்பட்டிருந்தது. அதன் உச்சியிலுள்ள பொற்சிலுவை இங்கிலாந்திலே செய்யப்பட்டது. அதைச் செய்த பொற்கொல்லரின் தந்தையார் அந்நகர்மீது குண்டுவீசச் சென்ற விமானிகளுள் ஒருவர்.

இச்செய்திகளைக் கேட்டு நம்மவர் சிலர், “அவர்கள் மன்னித்து மறந்தார்கள், நாமும் மறப்போம்” என்று சொல்லக்கூடும். கொவென்றி கற்பிப்பது அதுவன்று. அந்நகரத்தார் எதையும் மறக்கவில்லை. எரிந்த சுவரை நகரின் நடுவே வைத்து, எரித்த நாளையும் ஆண்டையும் சிறுவர்க்குச் சொல்லிக்கொண்டே கைநீட்டினார்கள். மன்னிப்பு வேண்டும் சொற்களை எரிந்த கோயிலுக்கு உரியவரே எழுதினார். எரித்தவர் வந்து எழுதச் சொல்லவில்லை. இழந்தவனிடம் மறதியைக் கேட்பது நீதியாகாது. அவன் தன் இழப்பை முழுவதும் சொல்லக் கேட்டபின்னரே மற்றவன் பேச்சு எடுபடும்.

நம் நூலகம் புதுப்பொலிவோடு நிற்பது நமக்கு மகிழ்ச்சியே. அங்கே அமர்ந்து படிக்கும் பிள்ளைகளின் தலைகள் வரிசையாய்க் குனிந்திருப்பதைக் காணும்போது, இடிபாடாக விட்டிருக்கலாம் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஆயினும் அவ்வெண்சுவர்கள் தாமாக வாய்திறந்து பேசமாட்டா. கொவென்றியிலே கல் செய்யும் வேலையை இங்கே பெற்றோரும் ஆசிரியருமே செய்தல் வேண்டும். நடந்ததைக் கூட்டாமலும் குறையாமலும் சொல்ல வேண்டும். சொல்லும்போது பிள்ளையின் உள்ளத்திலே பகையை விதைக்காமலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வது எளிதன்று என்பதை வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் நான் அறிவேன்.

2016 ஆம் ஆண்டு அந்நண்பர் தம் மனைவியோடும் மகனோடும் யாழ்ப்பாணம் வந்தார். நல்லூரையும் கீரிமலையையும் பார்த்தபின்னர், தாமாகவே நூலகத்திற்குப் போக வேண்டும் என்றார். முற்றத்திலே சரஸ்வதியின் சிலையருகே நின்று, “இது புதுக் கட்டடமா?” என்று சிறுவன் வினவினான். நண்பர் அவன் அருகே குந்தியிருந்து சிங்களத்திலே நெடுநேரம் விளக்கினார். எனக்கு அம்மொழி அதிகம் தெரியாது. ஆண்டைச் சொன்னது மாத்திரம் விளங்கியது. சிறுவன் எழுந்து அச்சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தான்.

மேல்நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் மாணவ மணிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. விடுமுறை நாட்களில் அறைக்குள் அடைந்து கிடவாதீர்கள், ஊர் பாருங்கள். அழகிய கோட்டைகளைப் பார்ப்பதோடு, துன்பப்பட்ட நகரொன்றையும் தேடிச் சென்று பாருங்கள். அது தன் காயத்தை எவ்வாறு வைத்திருக்கின்றது என்று கேட்டறியுங்கள். இயலுமாயின், நம் நாட்டின் மற்றொரு மூலையிலிருந்து வந்த ஒருவரையும் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். சொந்த மண்ணிலே பேச வாய்க்காத சில பேச்சுக்களை அந்நிய நாட்டு மரவாங்கொன்றிலே அமர்ந்து பேச முடிகின்றது.